பதினேழாவது குறிப்பு

கரக்பூர்
18 ஏப்ரல் 1979

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு ரோசரி எழுதுவது.

இங்கே நானும் அவரும் சுகம். அவருக்குப் பல்வலி மட்டும் விடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க இரும்பை அறுக்கிற மனுஷன், ஒரு பல்லைப் பிடுங்கப் பயப்படுகிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா?

ஜெசியின் கடிதம் வந்தது. பரீட்சை முடிந்ததும் நேரே இங்கே வருவாள் என்று அவர் ரயில்வே பாஸ் எழுதி வாங்கி வைத்திருந்தார். இவள் என்னடாவென்றால் பெரியம்மாவோடு பச்சைமலைக்குப் போய்ச் செடி பறித்துவிட்டுத்தான் வருவாளாம். பதினைந்து நாள் தள்ளிப் போகிறது. நீங்கள் கூட இருக்கிறீர்கள் என்பதால்தான் அவர் சரி என்றார். உங்கள் வீட்டில் தங்கி உங்கள் கல்லூரியிலேயே படிக்கிற பெண்ணுக்கு நாங்கள் அனுமதி கொடுப்பது வேடிக்கைதான்.

ஆனால் அவள் சொல்பேச்சு கேட்கிற பெண் இல்லை. பொன்மலையில் நாங்கள் இருந்தபோது முக்கொம்புக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வயது. தட்டானைத் துரத்திக்கொண்டு மதகு வரைக்கும் போய்விட்டாள். சாப்பாட்டுக் கூடையைத் திறந்தபடி போட்டுவிட்டு எல்லோரும் தேடினோம். திரும்பி வந்தால் புளியோதரை குரங்குக்குப் போயிருந்தது. அடித்தேன். "அது நின்னாத்தானேம்மா நானும் நிப்பேன்" என்றாள்.

அதனால் இந்தக் கவருக்குள் அவளுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பெரியம்மா நில் என்ற இடத்தில் நிற்க வேண்டும், அவர்கள் வந்து கூப்பிடும்வரை ஓரடி நகரக் கூடாது, நகர்ந்தால் அடுத்த வருஷம் படிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறேன். கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. எஞ்சின்கள் விடாமல் ஊதுகின்றன. வந்த புதிதில் தூக்கமே இல்லை. இப்போது காதில் விழுவதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூசைக்கும் போங்கள்.

தங்கை
ரோசரி


மேலப்புதூர், திருச்சி
3 மே 1979

அன்புள்ள ரோசரி,

முழங்கால் இருக்கிறது, தைலமும் இருக்கிறது. இரண்டும் சந்திப்பது குறைவு. மாப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ. இங்கே காவிரியில் மணல்தான் தெரிகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பகல் இரண்டு மணிக்கு நிற்பவர்களைப் பார்த்தால் நரகம் உண்டு என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

மலைக்கு விளையாட்டாகப் போகவில்லை. எழுபத்தேழு நவம்பர் வெள்ளத்தில் எங்கள் துறையின் ஹெர்பேரியம் பாதிக்கு மேல் போயிற்று. இருபது வருஷமாகச் செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்த்தது. தாள்கள் போனது பெரிதில்லை. குறிப்பு நோட்டுகளும் நனைந்து கூழாகிவிட்டன. எந்தச் செடி, எந்த நாள், எந்த இடம் என்று தெரியாவிட்டால் மிஞ்சியதும் வைக்கோல். பச்சைமலைச் செடிகளை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, ஐந்து மாணவிகளோடு போகிறேன். துறையூர் போய் மலை பஸ் பிடித்தால் பத்து மணிக்கு மேலே இருப்போம். மாலை ஐந்து மணிக்கு இறங்குகிற பஸ்தான் கடைசி.

நேற்றுச் சாப்பிடும்போது ஜெசியிடமும் அவள் தோழி ஜஹானாராவிடமும் விதிகளைச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பை. அடுத்தவள் பையை யாரும் தூக்கக் கூடாது, செடிகள் கலந்துவிடும். ஆளுக்கு ஒரு நோட்டு, பாலிதீன் கவரோடு. குறிப்புகளுக்கு வரிசையாக எண் போட வேண்டும், ஓர் எண்ணையும் விடக் கூடாது. யாராவது பிரிந்துவிட்டால் கடைசிக் குறிப்பு எழுதிய இடத்திலேயே நிற்க வேண்டும். நான் வருவேன்.

"பாம்பு வந்தா?" என்றாள் உன் மகள்.

"அதுக்கும் ஒரு நம்பர் போடு."

"மழை வந்தா நோட்டைக் காப்பாத்தணுமா, என்னையா?"

"நோட்டை. உன்னை உங்கம்மா மறுபடி பெத்துக்கலாம்."

ஜஹானாராவுக்குப் புரையேறிவிட்டது. ஜெசி எழுந்து அவள் தலையில் தட்டினாள்.

சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டாள். நீ பயப்படுகிற அளவுக்கு அவள் மோசமில்லை.

பத்தொன்பதாம் தேதி ரயிலேற்றி விடுகிறேன். இருவரும் நலமாக இருங்கள்.

அக்கா
அமலராணி


கரக்பூர்
11 ஜூன் 1979

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம் என்று எழுதக் கை வரவில்லை. வந்து சேர்ந்தோம்.

அவள் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. அந்தப் பாஸ் மேசை மேல் அப்படியே கிடக்கிறது. அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார். பல் தானாகவே விழுந்துவிட்டது.

தந்தி கிடைத்து இரண்டு நாள் ரயிலில் வந்தோம். நாங்கள் வந்தபோது கல்லறையில் மண் காய்ந்துவிட்டிருந்தது. முகம் பார்க்கவில்லை. இந்த வெயிலில் வைத்திருக்க முடியாது, எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இருந்த ஒன்பது நாளும் நீங்கள் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மலையில் பட்டாம்பூச்சி பின்னால் போனாள், ஓடையில் வழுக்கி விழுந்தாள் என்பது மட்டும் தெரியும்.

இப்போது கேட்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டாள்? எந்தப் பாவாடை? எத்தனை மணிக்கு அவளைக் கடைசியாகப் பார்த்தீர்கள்? எவ்வளவு நேரம் தேடினீர்கள்? நீங்கள் எதையும் எழுதி வைக்கிறவர்கள் ஆயிற்றே. எழுதுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி?

ரோசரி


மேலப்புதூர், திருச்சி
9 ஜூலை 1979

அன்புள்ள ரோசரி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லூரி திறந்துவிட்டது.

காலையில் துறையூரில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஜஹானாராவின் தட்டிலிருந்து வடையையும் எடுத்துக்கொண்டாள். ஊதாப் பாவாடை, வெள்ளைத் தாவணி, என்னுடைய பழைய கான்வாஸ் ஷூ.

வழியில் கொன்றை பூத்திருந்தது. வெட்பாலை முடியும் தறுவாய்; ஒரு பூவைக் கசக்கி என் மூக்கருகே கொண்டுவந்தாள். மரக்கிளையில் வாண்டா ஆர்க்கிட் ஒன்றை முதலில் பார்த்தது அவள்தான். மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் ஒரு வெறும் பாறை. அதன் ஓரத்தில் போன வருஷத்துக் கிலுகிலுப்பைச் செடிகள் காய்ந்து நின்றன. அந்தக் காய்ந்த தண்டில் ஏதோ ஒரு சாறு இருக்கிறது. புளூ டைகர் என்கிற வண்ணத்துப்பூச்சிகள் அதை உறிஞ்சக் கூட்டமாக வரும். கறுப்புச் சிறகில் வெளிறிய நீலக் கோடுகள். நாங்கள் போனபோது நாலைந்துதான் வந்திருந்தன. எல்லாம் வரும்வரை பார்க்க வேண்டும் என்றாள். அப்போது மணி ஒன்றரை.

அதன் பிறகு அவள் பூச்சிகளின் பின்னால் போயிருக்க வேண்டும். மறுநாள் மதியம் ஓடையின் கீழ்ப்பக்கம் கண்டெடுத்தபோது பூச்சி பிடிக்கிற வலை கையில் இருந்தது. ஓடையைக் கடக்கும்போது வழுக்கியிருக்கிறது. மாலையில் மழை பெய்தது. முடிந்தவரை தேடப்பட்டது.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையைக் கவனித்துக்கொள்.

அமலராணி


உறையூர், திருச்சி
2 ஆகஸ்ட் 1979

மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு,

ஜஹானாரா எழுதுகிறேன். தங்கள் நலத்துக்கு துஆ செய்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்று வாப்பா கல்லூரிக்கு லீவு எழுதினார்கள். காய்ச்சல் இல்லை மிஸ். வகுப்பில் அந்த பெஞ்சில் உட்கார முடியவில்லை.

ஒன்றரை மணிக்கு நீங்கள் மற்ற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேல் ஓடைக்குப் போனீர்கள். திரும்பும்போது கூட்டிக்கொள்கிறேன், அதுவரை இங்கேயே இரு என்று ஜெசியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அமுதாவும் பைகளை நிழலில் வைக்கக் கீழே பஸ் நிற்கிற இடத்துக்குக் கிளம்பினோம். அப்போது ஜெசி, "பை கனமா இருக்குடி, வாடிப்போயிடும்" என்றாள். "குடுடி இங்க, பெரிய பை" என்று நான் வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் பையைத் தூக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தூக்கினேன்.

பஸ்ஸில் நீங்கள் பைகளை எண்ணியபோது நான் பின்னால் கல்யாணக் கூட்டத்தில் மாட்டியிருந்தேன். ஜெசி உங்களோடு முன்னால் இருக்கிறாள் என்று நினைத்தேன். துறையூரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஜெசியின் அம்மாவுக்கு நான் கடிதம் எழுதலாமா மிஸ்? "எழுதாம இருந்தா உனக்குச் சோறு இறங்காது" என்று உம்மா சொல்கிறார்கள். உங்களைக் கேட்காமல் எழுத மாட்டேன்.

மாணவி
ஜஹானாரா


மேலப்புதூர், திருச்சி
7 ஆகஸ்ட் 1979

அன்புள்ள ஜஹானாரா,

நலம் விசாரித்ததற்கு நன்றி. உன் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் வணக்கம்.

பையைத் தூக்கியது குற்றமில்லை. எண்ணியது நான்.

ஜெசிந்தாவின் அம்மாவுக்கு நீ எழுத வேண்டாம். சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு வா. வேறு பெஞ்சில் உட்காரலாம்.

அமலராணி


கரக்பூர்
10 பிப்ரவரி 1980

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நீங்கள் கிறிஸ்துமஸுக்கும் எழுதவில்லை. கால் வலி அதிகமா?

இவ்வளவு நாள் கழித்து ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் அவள்மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போன பிள்ளைமேல் யாராவது கோபப்படுவார்களா? பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னித்துவிடம்மா என்றார். முடியவில்லை. அவ்வளவு எழுதினேனே, ஓரடி நகராதே என்று! ஒரு பூச்சிக்காகப் போனாளே!

இங்கே ரயில்வே காலனித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறேன். பத்துக் கட்டளைகளில் நாலாம் கற்பனை வந்தது: தாய் தகப்பனைச் சங்கித்திருப்பாயாக, அதாவது மதித்துக் கீழ்ப்படி. அதற்கு உதாரணமாக அவள் கதையைச் சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருந்தாள், நில் என்ற இடத்தில் நிற்காமல் போனாள், செத்துப்போனாள் என்று. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அற்புதசாமி என்று ஒரு பொடியன், "ஆன்ட்டி, அவங்க மோட்சத்துக்குப் போனாங்களா?" என்று கேட்டான். அடுத்த கற்பனைக்குப் போய்விட்டேன். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் சொன்னேன்.

அவர் அதைக் கேள்விப்பட்டு நாலு நாள் நான் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மே பன்னிரண்டு அவளுக்குக் கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுங்கள். கருத்து: கீழ்ப்படியாத ஆத்துமத்தின் இளைப்பாற்றிக்காக.

ரோசரி


மேலப்புதூர், திருச்சி
2 ஏப்ரல் 1980

அன்புள்ள ரோசரி,

கால் பரவாயில்லை. விடைத்தாள் திருத்துகிற வேலையில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நின்ற தெற்கு வாசல் கோபுரத்தைக் கட்டி முடிக்கப் போகிறார்களாம். பாலத்தைக் கடக்கிற பஸ்ஸில் எல்லோருக்கும் அதே பேச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "நம்ம ஆயுசுக்குள்ள முடிச்சுடுவாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "டீச்சரா இருந்துக்கிட்டு இது தெரியலையா?" என்றார்.

பூசை எழுதிக் கொடுத்துவிட்டேன். கருத்து என்ற இடத்தில் அவள் பெயரை மட்டும் எழுதினேன்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் சொல்லலாம்.

அமலராணி


மேலப்புதூர், திருச்சி
15 ஜூன் 1980

அன்புள்ள ரோசரி,

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அதற்குப் பதில் எழுதினால் போதும்.

போன செவ்வாய்க்கிழமை கல்லூரி வாசலில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பச்சைமலையில் மரவள்ளி பயிரிடுகிற தங்கையன். தலைத்துண்டை அவிழ்த்து, உள்ளே சுற்றி வைத்திருந்த ஒரு பாலிதீன் கவரை எடுத்துக் கொடுத்தார்.

"தேனெடுக்கப் பாறைக்குப் போனேங்க. இடுக்குல கல்லு வெச்சு மூடியிருந்துச்சு. காலேஜ் பேரு போட்டிருக்குன்னு எங்கூர் வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. இது அந்தப் பாப்பாவோடதுங்களா?"

ஜெசியின் நோட்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அட்டைக்குள் உன் சீட்டு இருக்கிறது.

நான் உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். போலீஸிலும் கல்லூரியிலும் உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் இருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

நான் மேல் ஓடைக்குப் போகும்போது, திரும்பி வந்து கூட்டிக்கொள்கிறேன், அதுவரை இங்கேயே இரு என்று அவளிடம் சொன்னேன். நாலு மணிக்கு மேகம் கூடியது. வந்த வழியே போனால் பஸ் தவறிவிடும் என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பாறை அரை மணி நேர ஏற்றம். மற்றவர்களை பஸ்ஸில் உட்கார வைத்து, பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் போய் அவளைக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்தபடி வந்தேன். பஸ்ஸில் ஒரு கல்யாணக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எங்கள் பைகள் இருந்தன. எண்ணினேன். ஆறு. அவள் பையும் இருந்தது. யாரும் அடுத்தவர் பையைத் தூக்கக் கூடாது என்பது என் விதி. பை வந்துவிட்டால் ஆள் வந்தாயிற்று. ஜஹானாராவோடு இறங்கிவிட்டாள், பின்னால் கூட்டத்தில் நிற்கிறாள் என்று முடிவு செய்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஜஹானாரா இரக்கப்பட்டு அந்தப் பையை வாங்கி வந்திருந்தாள். பஸ் கிளம்பியது.

துறையூரில் ஏழு மணிக்குத்தான் தெரிந்தது. மேலே போக வண்டி இல்லை. விடிந்த பிறகுதான் போனோம். "முடிந்தவரை தேடப்பட்டது" என்று எழுதினேன். அன்று மாலை யாரும் தேடவில்லை.

அவள் எந்தப் பூச்சியின் பின்னாலும் போகவில்லை. பாறையில்தான் இருந்தாள். காலையில் எழுதிய பன்னிரண்டு குறிப்புகள் செடிகள். பாறையில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

13. மணி 1.45. கிலுகிலுப்பை, காய்ந்த செடி. புளூ டைகர் ஏழு.

14. 2.30. நிலப்பனை. பாறை இடுக்கில் மஞ்சள் பூ, ஒன்றே ஒன்று. பறிக்கவில்லை.

15. 3.20. புளூ டைகர் முப்பத்தொன்று. கறுப்பாக வேறொரு ஜாதி ஒன்பது. பெரியம்மா வந்தால் காட்ட வேண்டும்.

16. 4.10. ஓடைப் பக்கம் கேளையாடு (மான் ஜாதி) குரைத்தது. மேகம். பூச்சிகள் எல்லாம் இலைக்கு அடியில் போய்விட்டன.

18. 6.20. பெருமழை. நோட்டைக் கவரில் போட்டு இடுக்கில் வைக்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு தெரிகிறது. போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அந்த விளக்கு தங்கையன் வீட்டுடையது. "மழைன்னு கதவைச் சாத்திட்டோங்க. கத்தியிருந்தாலும் ஓடைச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றார். அதை மூன்று தரம் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

உன் வகுப்பில் அவள் பெயரைச் சொல்லாதே. அவள் கீழ்ப்படிந்தவள். தப்பு என்னுடையது. ஒரு வருஷம் அதை அவள்மேல் போட்டு வைத்திருந்தேன்.

அமலராணி


கரக்பூர்
3 ஜூலை 1980

சேசு மரி சூசை

அக்கா,

அவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போனார்.

பதினாறுக்குப் பிறகு பதினெட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓர் எண்ணையும் விடக் கூடாது என்பது உங்கள் விதி. அவள் விட்டிருக்க மாட்டாள்.

பதினேழு எங்கே?

ரோசரி


மேலப்புதூர், திருச்சி
28 ஜூலை 1980

அன்புள்ள ரோசரி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பதினேழு இருக்கிறது. அதை எழுதாமல் விட்டது உனக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு தூரம் நிஜம் என்று தெரியவில்லை. எனக்காகவும் இருக்கலாம். நீ கேட்டுவிட்டாய். தருகிறேன்.

17. 5.05. கீழே பஸ் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. பெரியம்மா என்னை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் வந்து கூப்பிடும்வரை ஓரடி நகரக் கூடாது என்று அம்மா எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை அம்மா என்னைத் திட்ட முடியாது. இருக்கிறேன்.

அவ்வளவுதான்.

போன வாரம் தனியாக அந்தப் பாறைக்குப் போய்வந்தேன். முழங்கால் ஒத்துக்கொண்டது. கிலுகிலுப்பைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறார்கள். ஒரு பூச்சியும் இல்லை. ஐந்து மணி பஸ்ஸின் ஹாரன் நன்றாகக் கேட்கிறது. நடந்து பார்த்தேன். இந்தக் காலோடு எனக்கு இருபத்தைந்து நிமிஷம். அவள் ஓடியிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பாள். பஸ் சுற்றிக்கொண்டு வருகிற கீழ் வளைவில் மறித்திருக்கலாம்.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பவா? சீட்டை எடுத்துவிட்டா, அதோடா? சொல்.

அமலராணி


கரக்பூர்
9 ஜனவரி 1981

அக்கா,

நோட்டை அனுப்புங்கள். சீட்டையும் எடுக்க வேண்டாம்.

வகுப்பை விட்டுவிட்டேன். நிறுத்துவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம், நான் சொன்னது பொய், என் மகள் நின்ற இடத்திலேயே நின்றாள் என்று சொன்னேன். அந்த அற்புதசாமி, "அப்போ ஏன் ஆன்ட்டி செத்தாங்க?" என்றான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களைப் பழிக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆறு மாசமாக உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் பையை எண்ணினீர்கள். நான் சீட்டு எழுதினேன். ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள். அவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு வருஷம் அவள்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் காலையில் எழுந்தேன், அடுப்பு பற்றவைத்தேன், அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அது இருந்தவரை அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் எங்கேயோ இருந்துகொண்டு பதில் சொல்வது போல இருந்தது. இப்போது சண்டை போட யாரும் இல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னது சரிதான். நான்தான் கேட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவருக்கு மாற்றல் கேட்டிருக்கிறோம். எங்கேயாவது, தண்டவாளத்துக்குத் தூரமாக ஒரு வீடு இருக்கிற ஊர் கிடைத்தால் போதும். ரயில்வேக்காரனுக்கு அப்படி ஓர் இடம் ஏது என்று ஆபீஸில் சிரித்தார்களாம்.

எஞ்சின் ஊதுவது காதில் விழுவதில்லை என்று ஒரு தடவை உங்களுக்கு எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொன்றும் விழுகிறது. இரண்டு தடவை ஊதினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறேன். யாராவது வந்து கூப்பிடும்வரை நகர முடிவதில்லை.

ரோசரி